மாத்திரை டப்பா எந்தப் பையில்? வெளிநாடு கிளம்பும் பெரியவர்களுக்கு ஒரு விமான நிலையப் பாடம்

பிள்ளை அமெரிக்காவில், பெண் சிங்கப்பூரில் என்கிற கதை இன்று மயிலாப்பூருக்கு மட்டும் சொந்தமில்லை. தறிச் சத்தம் கேட்கும் பொதட்டூர்பேட்டையிலும் அப்படிப்பட்ட வீடுகள் உண்டு. 'பேத்தி பொறந்திருக்கா, ரெண்டு பேரும் வந்துட்டுப் போங்க' என்று போன் வரும். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாவற்றையும் பிள்ளையே பார்த்துக்கொள்வான். இங்கே அம்மா பெட்டி கட்டுவார். இட்லிப் பொடி, வடகம், குழந்தைக்கு அரைஞாண் கயிறு, திருத்தணி முருகன் கோயில் விபூதி... ஒன்றும் விட்டுப் போகாது.

"சரிம்மா, அப்பாவோட சர்க்கரை மாத்திரை எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள்.

"அதுவா, பெரிய பெட்டியில அடியில பத்திரமா வெச்சிருக்கேன்" என்பார்.

அங்கேதான் சங்கடம்! மீனம்பாக்கத்தில் விமானக் கம்பெனி கவுண்டரில் அந்தப் பெட்டியை எடைபோட்டு வாங்கிக்கொண்டால், பிறகு அமெரிக்காவில் இறங்கித்தான் அதை உங்கள் கண்ணில் காட்டுவார்கள். நடுவில் ஒரு நாள் போய்விடும். பெட்டி வேறு விமானத்தில் ஏறிவிட்டால் இரண்டு மூன்று நாளும் ஆகலாம். அது வரை சர்க்கரைக்கும் பிரஷருக்கும் யார் பதில் சொல்வது? இன்சுலின் என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. சரக்கு வைக்கும் இடத்தில் குளிர் அதிகமாகி மருந்து உறைந்துபோகலாம். உறைந்த இன்சுலின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வேலை செய்யாது.

ஆகவே மருந்து முழுவதும் கைப்பையில்தான். போக, வர, தங்கும் நாட்களுக்குக் கணக்குப் போட்டு, மேற்கொண்டு ஒரு வாரத்துக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய. இந்தப் பயணத்துக்கு அது உதவாது. பெயர் அச்சடித்த பட்டையோடும் கடை பில்லோடும் இருக்கட்டும். டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு சீட்டு வாங்குங்கள். அதில் கம்பெனி வைத்த பெயரோடு மருந்தின் ரசாயனப் பெயரும் இருக்க வேண்டும். நம்மூர்ப் பெயரைச் சொன்னால் அங்கே கடைக்காரருக்குப் புரியாது. சீட்டில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். இங்கே 'கே' என்று ஒற்றை எழுத்து, அங்கே அப்பா பெயர் முழுசாக என்றிருந்தால் வீண் கேள்வி வரும்.

துபாய், சவூதி போகிறவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. கோடின் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை, சில தூக்க மாத்திரைகள் எல்லாம் அங்கே கடும் கட்டுப்பாட்டில் உள்ளவை. டாக்டர் சீட்டு மட்டும் போதாமல் போகலாம். அந்த நாட்டு சுகாதாரத் துறையின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டியிருக்கும். குருமாவுக்கு அரைக்கிற கசகசா இருக்கிறதே, அதைத் தொடவே தொடாதீர்கள். வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் அது போதைப்பொருள் கணக்கில் வருகிறது!

இனி கிளம்புகிற நாள். வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்கு மேல்தான் புறப்படும். டிக்கெட்டில் 15-ஆம் தேதி 2.30 என்று இருந்தால் 14-ஆம் தேதி சாயங்காலமே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பொதட்டூர்பேட்டையிலிருந்து திருத்தணி, திருவள்ளூர் வழியாக மீனம்பாக்கம் சுமார் நூறு கிலோமீட்டர். விமான நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் உள்ளே இருக்க வேண்டும். கணக்குப் பாருங்கள், ராத்திரிச் சாப்பாட்டு நேரம் காரிலேயே போய்விடும். சர்க்கரைக்காரர் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு 'அங்கே போய்ச் சாப்பிடலாம்' என்று இருந்தால், வரிசையில் நிற்கும்போது வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, தலை சுற்றும். சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். இட்லியோ சப்பாத்தியோ கையில் இருக்கட்டும். சாம்பார், சட்னி வேண்டாம். நாலைந்து சாக்லேட் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். விமானத்திலும் அப்படித்தான். சாப்பாட்டு நேரத்து இன்சுலின் போடுபவர்கள், தட்டு முன்னால் வந்த பிறகே ஊசியை எடுங்கள்.

வாசலில் பாதுகாப்புப் படையினர் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் பார்ப்பார்கள். அடுத்து கவுண்டர். பெட்டியைக் கொடுத்து போர்டிங் பாஸ் வாங்க வேண்டும். மொபைலுக்கான பவர் பேங்க் பெட்டிக்குள் போகக் கூடாது, கைப்பையில்தான். கொப்பரைத் தேங்காயையும் பெட்டியில் விட மாட்டார்கள், தீப்பிடிக்கும் பொருளாம். அப்புறம் இமிக்ரேஷன். இந்தியர்கள் படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலை 2017 ஜூலையோடு ஒழிந்தது. பாஸ்போர்ட்டை நீட்டினால் முத்திரை குத்துவார்கள்.

செக்யூரிட்டி சோதனையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 2006-ல் லண்டனில் ஒரு வெடிகுண்டுச் சதி பிடிபட்டதிலிருந்து, 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் எதையும் கையில் கொண்டுபோக முடியாது. மருந்துக்கு விலக்கு உண்டு. இன்சுலின், ஊசி, சிரப் எல்லாவற்றையும் தனிக் கவரில் போட்டு, டாக்டர் சீட்டோடு நீங்களாகவே எடுத்துக் காட்டிவிடுங்கள். கேட்ட பிறகு துழாவினால் பதற்றம்தான் மிச்சம். தண்ணீர் பாட்டிலைக் காலியாகக் கொண்டுபோய் உள்ளே நிரப்பிக்கொள்ளலாம். நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் அதன் அட்டையைக் காட்டி முதலிலேயே சொல்லுங்கள், கையால் தடவிச் சோதிப்பார்கள். அமெரிக்கா போகிறவர்கள் இட்லிப் பொடியையும் விபூதியையும் பெரிய பெட்டியிலேயே வையுங்கள். கைப்பையில் 350 மில்லி அளவுக்கு மேல் பொடி இருந்தால் தனிச் சோதனை உண்டு.

இப்போது நடை. இதைத்தான் யாரும் பெரிதாக நினைப்பதில்லை. பெரிய விமான நிலையங்களில் கேட்டிலிருந்து இமிக்ரேஷனுக்கு ஒரு கிலோமீட்டர்கூட நடக்க வேண்டியிருக்கும். 2024 பிப்ரவரி 12-ல் மும்பையில் நடந்ததைப் பாருங்கள். நியூயார்க்கிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் வந்த ஒரு தம்பதி இரண்டு சக்கர நாற்காலிக்குச் சொல்லியிருந்தார்கள். வந்தது ஒன்று. மனைவியை உட்கார வைத்துவிட்டு 80 வயதான கணவர் கூடவே நடந்தார். இமிக்ரேஷன் பகுதியில் மயங்கி விழுந்தார், பிழைக்கவில்லை. இன்னொரு நாற்காலி வரும் வரை காத்திருக்கச் சொன்னதாகக் கம்பெனி தெரிவித்தது. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்தக் கம்பெனிக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. பெண்டாட்டி தனியாகப் போகிறாளே என்று கூட நடந்த மனுஷரை என்ன குறை சொல்ல முடியும்? ஆனால் நீங்கள் நடக்காதீர்கள். மூட்டு வலியோ இதயக் கோளாறோ இருந்தால், டிக்கெட் எடுக்கும்போதே இரண்டு பேருக்கும், போகவும் வரவும், நடுவில் மாறும் ஊரிலும் நாற்காலி வேண்டும் என்று பதியச் சொல்லுங்கள். இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பணிப்பெண்ணிடம் ஞாபகப்படுத்துங்கள். ஒன்றுதான் வந்தது என்றால் இரண்டு பேருமே உட்கார்ந்து காத்திருங்கள். 'நம்மால எல்லாருக்கும் லேட்டாகுதே' என்கிற கூச்சம் இங்கே வேண்டாம்.

அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே இமிக்ரேஷன் முடிந்துவிடும். கைரேகை, போட்டோ, 'எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குவீர்கள்' என்று சில கேள்விகள். பிள்ளையின் விலாசமும் போன் நம்பரும் ஒரு காகிதத்தில் இருக்கட்டும், மொபைல் சார்ஜ் தீர்ந்துபோகும். அங்கிருந்து இன்னொரு விமானம் ஏற வேண்டியிருந்தாலும், பொதுவாக பெட்டியை நீங்களே எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி மறுபடி ஒப்படைக்க வேண்டும். சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால் 'இருக்கிறது' என்றே சொல்லுங்கள். மறைத்தால்தான் அபராதம். சிங்கப்பூர் போகிறவர்கள், போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது.

அமெரிக்கா போகும்போது நாள் நீளும், வரும்போது சுருங்கும். எந்த வேளை மருந்தை எந்த ஊர் நேரப்படி போடுவது என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போய் வருகிறவர்களுக்குத் தடுப்பூசிச் சான்று இல்லையென்றால், இங்கே இறங்கியதும் தனிமையில் வைத்துவிடுவார்கள். கிளம்பப் பத்து நாளுக்கு முன்னாலேயே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போட்டுக்கொள்ளலாம்.

நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்தால் கால் நரம்பில் ரத்தம் உறையும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. ஆறாயிரத்தில் ஒருவருக்கு என்ற கணக்குதான், பயந்துவிட வேண்டாம். மணிக்கொரு தரம் எழுந்து நடங்கள், கணுக்காலை மடக்கி நீட்டுங்கள், தண்ணீர் குடியுங்கள். திரும்பி வரும்போதும் மீனம்பாக்கத்தில் இறங்கி, உடனே காரில் ஏறி மூன்று மணி நேரம் ஒரே மூச்சாகத் திருத்தணி வராதீர்கள். திருவள்ளூரில் இறங்கி ஒரு காபி சாப்பிட்டுவிட்டுப் பத்து நிமிஷம் நடங்கள். வந்த பிறகும் சில வாரங்களுக்குள் ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் 'இத்தனாம் தேதி விமானத்தில் வந்தேன்' என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.