ஆய்வேடு நூலாகும்போது: தற்பதிப்பும் தரமும்

நூலாசிரியரே செலவை ஏற்றுத் தம் நூலை வெளியிடும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. 1887இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியிட்ட உ.வே.சாமிநாதையர் அப்போது கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர். நூல் வெளிவருமுன்பே வாங்க விரும்புவோரிடம் கையொப்பம் பெற்று அச்சுச் செலவுக்கு வழிதேடினார். இழப்பு நேரின் அது அவருடையதே. எனினும் ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கினார். சமயச் செய்திகளில் ஐயம் எழுந்தபோது கும்பகோணத்துச் சமணரை அணுகித் தெளிந்தார். 1907இல் இரண்டாம் பதிப்பைத் திருத்தி வெளியிட்டார். ஆகவே, தற்பதிப்பு என்பதனாலேயே ஒரு நூல் தரம் தாழ்ந்ததாகிவிடாது. ‘இவ்விடம் பிழை’ என்று சொல்லும் பிறர் கண் நூலின்மேல் பட்டதா என்பதே வினா.

இன்று ஆய்வேடுகள் பல அக்கண் படாமலே நூலாகின்றன. எண்முறை அச்சில் ஐம்பது படிகள் போதும், பணஇழப்பும் சிறிது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறை, தேசியப் பதிப்பகம் வெளியிடும் நூலுக்கு 10 மதிப்பெண் வழங்குகிறது. பணி உயர்வை நோக்கிய அவசரத்திற்கு இதுவும் ஒரு காரணம். நூலில் பன்னாட்டுத் தர நூல் எண் இருப்பதையே தகுதிச் சான்றாகக் கருதுவோரும் உளர். அவ்வெண் நூலையும் வெளியீட்டாளரையும் அடையாளம் காட்டுமேயன்றி உள்ளடக்கத்தை மதிப்பிடுவதன்று. இந்தியாவில் தனி ஆசிரியரும் அதனைக் கட்டணமின்றிப் பெறலாம்.

குறைகள் பெரும்பாலும் மேற்கோள்களிலேயே தங்குகின்றன. பழைய எழுத்துருவில் தட்டச்சான ஆய்வேட்டை ஒருங்குறிக்கு மாற்றுகையில் கொம்பும் காலும் இடம்மாறுகின்றன. சங்கப் பாடலடியில் சீர் சிதைகிறது. எப்பதிப்பிலிருந்து பாடம் கொள்ளப்பட்டது என்ற குறிப்பும் இராது. பின்வரும் மாணவர் மூலத்தைப் பாராது அந்நூலையே எடுத்தாளும்போது சிதைந்த அடி அடுத்த ஆய்வேட்டிற்கும் செல்கிறது. பொருளிழப்பு ஆசிரியரோடு முடியும், இவ்விழப்பு முடிவதில்லை. புறத்தேர்வாளர் ஒப்புதல் பெற்றதன்றோ எனலாம். அவ்வொப்புதல் பட்டத்திற்குரியது, நூலுக்குரியதன்று. தேர்வாளர் அறிக்கை சுட்டிய திருத்தங்கள்கூடச் சில நூல்களில் செய்யப்படுவதில்லை.

ஆசிரியர் தாமே வெளியிடுவதாயின், துறைக்கு அப்பாற்பட்ட புலமையாளர் ஒருவரிடம் கைப்படியைக் காட்டலாம். மேற்கோள்களை மட்டும் மூலநூலோடு தனியே ஒப்பிடச் செய்யலாம். மெய்ப்புப் பார்த்தவர் பெயரை நூலின் விவரப் பக்கத்தில் அச்சிடுதலும் நன்று. பெயர் வெளிப்படும் இடத்தில் எவரும் சற்று நின்றே படிப்பர்.