கடைச் சட்டையைத் தேகத்துக்கு இசைவித்தல்

ஆயத்தமாக விற்கும் சட்டைகள் பலருடைய தேகத்துக்கும் பொதுவான அளவில் வெட்டப்படுவதால், தோளுக்குச் சரியாக அமைந்த சட்டை இடுப்பில் தொளதொளவென்று தொங்குவது சகஜமே. தோள்பட்டைத் தையலைப் பிரித்து அமைப்பது வீட்டில் செய்யத்தக்க காரியமன்று ஆகையால், வாங்கும்போதே தோள் பொருந்துவதைத் தேர்ந்து, பக்கங்களை மட்டும் பிடித்துக்கொள்வதே உத்தமம்.

பருத்தித் துணி முதற் சலவையில் சுருங்கும் சுபாவமுடையது. எனவே நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்ட பின்னரே வேலையைத் தொடங்குவது அவசியம். உட்புறம் வெளியே தெரியும்படி அணிந்து, பொத்தான்களை மாட்டி, மற்றொருவரைக் கொண்டு அக்குள் முதல் கீழ்விளிம்பு வரை இருபுறமும் சமமாகக் குண்டூசி குத்தச் செய்யலாம். இங்கேதான் கணக்கு பலரை ஏமாற்றிவிடுகிறது: ஒரு பக்கத்தில் 2 சென்டிமீட்டர் பிடித்தால், துணி இரு மடிப்பாதலால் 4 சென்டிமீட்டர் குறைந்துவிடும், இரு பக்கமும் சேர்ந்து 8. மார்பளவுக்கு மேல் 10 சென்டிமீட்டரேனும் தளர்ச்சி இல்லாவிடில் கை நீட்டுவதே சிரமமாகும்.

ஊசி வரிசையைச் சாக்கட்டியால் கோடாக்கி, அக்குளருகே அது பழைய தையலோடு மெல்லக் கலந்து மறையும்படி வளைத்து, கீழ்விளிம்பின் மடிப்பை அக்கோடு வந்து சேரும் இடத்தில் இரண்டு அங்குலம் பிரித்துக்கொண்டு, முதலில் கையால் நூலோட்டம் போட்டு, அணிந்து, உட்கார்ந்தும் கைகளை உயர்த்தியும் பார்த்த பின்னரே இயந்திரத்தில் தைக்க வேண்டும். விளிம்பை முன்போல மடித்துத் தைத்துவிடுங்கள். உள்ளே மிகுந்த துணியை, சற்றுத் தடிப்பாகத் தோன்றினாலும், அவசரப்பட்டு வெட்டிவிட வேண்டாம். தேகம் பருத்தால் மறுபடி தளர்த்திக்கொள்ள அது இருக்கும்.