அடிமை விலங்கும் சஞ்சித் தாளும்



ஆபிரகாம் லிங்கன் மரக்குடிலில் பிறந்து அமெரிக்க நாட்டின் அதிபராக உயர்ந்தவர் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அவர் காலத்தில் அந்நாடு இரண்டாகப் பிளந்தது. அதன் காரணத்தை முதலில் காண்போம். பின்னர் நம் தோட்டங்களுக்குத் திரும்புவோம். இரண்டிற்கும் தொடர்பு உண்டு.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்தித் தோட்டங்கள் மிகுதி. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொணரப்பட்ட கறுப்பின மக்களும் அவர்தம் வழிவந்தோருமே அங்கு உழைத்தனர். 1860-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 40 இலட்சம் பேர் அடிமைகளாக இருந்தனர். சந்தையில் மாட்டை விற்பதுபோல, தாயை ஓரிடத்திலும் பிள்ளையை வேறிடத்திலும் விற்றார்கள். அடிமை முறை புதிய நிலப்பகுதிகளுக்குப் பரவக்கூடாது என்ற லிங்கன் தேர்வு பெற்றதும் தென் மாநிலங்கள் பிரியத் தொடங்கின. 1861 ஏப்ரலில் போர் மூண்டது. அண்ணன் ஒரு படையிலும் தம்பி எதிர்ப்படையிலும் நின்ற குடும்பங்கள் உண்டு. நான்கு ஆண்டுகளில் ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1865-இல் தெற்கு தோற்றது. டிசம்பரில் அடிமை முறை நாடு முழுவதும் சட்டத்தால் ஒழிந்தது. அதைக் காண லிங்கன் இல்லை. ஏப்ரலிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

விடுதலை பெற்றோரில் மிகப் பலருக்கு நிலம் கிடைக்கவில்லை. பழைய முதலாளியின் நிலத்திலேயே விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிரிட்டனர். விதையும் உணவும் கடனாக வாங்கினர். அறுவடையின்போது கணக்குப் பார்த்தால் கடனே மிஞ்சும். தோட்டத்துக் கடைக்கணக்கை அறிந்த பெற்றோர்க்கு இதை நாம் விளக்க வேண்டுவதில்லை.

இனி நம் கதை. பிரிட்டிஷார் தம் குடியேற்ற நாடுகள் பலவற்றில் 1834-இலேயே அடிமை முறையை நீக்கியிருந்தனர். ஆனால், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரைக் கப்பலேற்றினர். அமெரிக்காவில் பீரங்கி முழங்கிய அதே ஆண்டுகளில், நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம்மவர் பினாங்கில் இறங்கி, இன்று செபராங் பிறை எனப்படும் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தனர்.

ஒப்பந்தத்தைக் குறிக்கும் 'ஜஞ்சி' என்னும் மலாய்ச் சொல் நம்மவர் நாவில் 'சஞ்சி' ஆயிற்று. வந்தவர் 'சஞ்சிக்கூலி' ஆனார். தவணை பெரும்பாலும் மூன்றாண்டு. கப்பற்செலவும் முன்பணமும் கூலியில் பிடிக்கப்படும். தவணை முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடினால் அது குற்றம். சிறைத் தண்டனை உண்டு.

இதனை அடிமை முறை என்றே கூறிவிடலாமா? நாம் அவ்வாறு கூறத் துணியோம். சஞ்சிக்கூலியின் பிள்ளை பிறக்கும்போதே பிறர் உடைமை ஆகவில்லை. தவணைக்கு ஒரு முடிவும் இருந்தது. ஆயினும், கடன் தீராதவனுக்கு அம்முடிவு தள்ளிக்கொண்டே போயிற்று.

மலாயாவில் சஞ்சி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் இரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர் கங்காணியே. அதுவும் 1938-இல் நின்றது. கங்காணியோடு வந்தவர் முன்னறிவிப்புக் கொடுத்து வேலையை விட்டு விலகலாம். சட்டப்படி அவர் கட்டற்றவர். நடைமுறை எவ்வாறு இருந்தது? நம் சுங்கை வேயிலிருந்து மேற்கே, அதிகத் தொலைவில்லாத கிள்ளானில் 1941-இல் நடந்த வேலைநிறுத்தம் அதைக் காட்டும்.

கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதன் முன்னின்றார். சீனத் தொழிலாளர்க்கு ஈடான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களுக்குத் தொல்லையின்மை, உறவினர் தோட்டத்திற்குள் வந்துபோக உரிமை ஆகியன கேட்கப்பட்டன. இன்னொரு கோரிக்கை இக்காலப் பிள்ளைகளுக்கு வியப்பளிக்கும். துரையோ தோட்ட அலுவலரோ எதிர்ப்பட்டால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கிவிட வேண்டும் என்பது அன்றைய வழக்கம். வண்டியோ அவன் சொந்தக் காசில் வாங்கியது! இறங்காமல் செல்லும் உரிமையைக் கேட்டார்கள்.

மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தோட்டம் தோட்டமாக வேலை நின்றது. படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவிற்கு நாடு கடத்தப்பட்டார்.

அவர்கள் கேட்டவற்றுள் மேலும் ஒன்றை இம்மலரில் குறித்து வைக்கிறோம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதே அது.