டாட்ஜ் ராம் டீசல் பிக்கப்: பிரஷர் கேஜ் மாட்டவும் டீசல் லைன் மாற்றவும் சில குறிப்புகள்

அமெரிக்காவில் பழைய டாட்ஜ் ராம் டீசல் பிக்கப்புகள் இன்றும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. படகு இழுக்க, கேம்ப்பரைக் கட்டிக்கொண்டு மலையேற என்று தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். 1998 நடுவில் தொடங்கி 2002 வரை வந்த ராம் 2500, 3500 வண்டிகளில் இருப்பது 5.9 லிட்டர், 24 வால்வு கம்மின்ஸ் எஞ்சின். நன்றாகப் பராமரித்தால் லட்சக்கணக்கான மைல் ஓடும். ஆனால் அதில் பூட்டியிருக்கும் பாஷ் விபி44 இன்ஜெக்‌ஷன் பம்ப் அப்படியல்ல. அதற்குத் தனியாக ஆயில் கிடையாது. உள்ளே பாயும் டீசல்தான் அதற்கு மசகு, குளிர்ச்சியும் அதுவேதான். டீசலைத் தள்ளிக் கொடுக்கும் சின்ன லிஃப்ட் பம்ப் சோர்ந்துபோனால் விபி44 சூடேறித் தேய்ந்து செத்துப்போகும். புதிதாக மாற்ற 1,000 டாலருக்கு மேல் ஆகும். இந்த வண்டியை வைத்திருப்பவர்களுக்கும் வாங்க நினைப்பவர்களுக்கும் இந்தக் குறிப்புகள்.

1. முதலில் கேஜ், பிறகுதான் லைன். பெரிய குழாய், புதுப் பம்ப் என்று செலவு செய்வதற்கு முன்னால் இப்போது அழுத்தம் எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும். லிஃப்ட் பம்ப் முழுதாக நின்றுபோனாலும் இந்த எஞ்சின் ஓடும். விபி44க்குள்ளேயே ஒரு சிறு உறிஞ்சு பம்ப் இருப்பதால் டேங்கிலிருந்து அதுவே டீசலை இழுத்துக்கொள்ளும். வண்டி ஸ்டார்ட் ஆகும், கடைக்குப் போய்வரும், ஓட்டுபவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. உள்ளே பம்ப் வறண்டு தேய்ந்துகொண்டிருக்கும். டேஷ்போர்டில் இதைக் காட்டும் முள்ளைக் கம்பெனி வைக்கவில்லை. நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

2. 0 முதல் 30 பிஎஸ்ஐ வரை காட்டும் கேஜ் வாங்குங்கள். 100 வரை காட்டும் கேஜில் 10க்கும் 14க்கும் உள்ள வித்தியாசம் மயிரிழைதான், ஓட்டும்போது கண்ணுக்குப் புலப்படாது. 1994 முதல் 1998 வரை வந்த 12 வால்வு எஞ்சினில் இருப்பது பி7100 என்ற வேறு பம்ப். அதற்குக் கூடுதல் அழுத்தம் வேண்டும் என்பதால் 60 வரை காட்டும் கேஜ் பொருந்தும்.

3. அழுத்தத்தை அளக்க வேண்டிய இடம் ஃபில்டருக்குப் பின்னால், விபி44க்குள் டீசல் நுழையும் வாய்க்குச் சற்று முன்னால். ஃபில்டருக்கு முன்னால் அளந்தால் லிஃப்ட் பம்பின் பலம் தெரியும், இன்ஜெக்‌ஷன் பம்புக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பது தெரியாது. நடுவில் துளையிட்டு மரை வெட்டிய பேஞ்சோ போல்ட் கடைகளில் தயாராகவே கிடைக்கிறது. பழைய போல்ட்டைக் கழற்றி இதைப் போட்டால் கேஜுக்கான இணைப்பை எடுக்க இடம் கிடைத்துவிடும். இரண்டு பக்க வாஷரையும் புதிதாகப் போடுங்கள். நசுங்கிய பழைய வாஷர் இன்று கசியாவிட்டாலும் ஒரு மாதத்தில் கசியும்.

4. டீசல் லைனை ஓட்டுநர் அறைக்குள் கொண்டுவரவே கூடாது. சில மலிவான மெக்கானிக்கல் கேஜ்களில் மெல்லிய நைலான் குழாய் வழியாக டீசலே நேராக டேஷ்போர்டு வரை வரும். அது பிய்த்துக்கொண்டால் காலிலும் கார்ப்பெட்டிலும் டீசல் பீய்ச்சும். விபத்து நேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். எஞ்சின் பக்கத்திலேயே சென்சார் இருந்து, உள்ளே வயர் மட்டும் வரும் எலெக்ட்ரிக் கேஜ் வாங்குங்கள். மெக்கானிக்கல் கேஜ்தான் வேண்டுமென்றால் நடுவில் ஐசொலேட்டர் போடுங்கள். அதற்குப் பின்னால் உள்ள குழாயில் ஆன்டிஃப்ரீஸ் மட்டுமே இருக்கும்.

5. சென்சாரை எஞ்சின் மீது நேராகப் பூட்டாதீர்கள். விபி44 டீசலை உறிஞ்சும்போது லைனில் ‘டக் டக்’ என்று அழுத்த அடி விழுந்துகொண்டே இருக்கும். அந்த அடியும் எஞ்சின் அதிர்வும் சேர்ந்து சென்சாரைச் சீக்கிரம் கெடுத்துவிடும். ஒரு சாண் நீளத்துக்குப் பின்னல் போட்ட ஹோஸ் எடுத்து, சென்சாரை உடல் தகட்டில் தனியாக நிறுத்துங்கள். ஹோஸின் தொடக்கத்தில் ஒரு சின்ன ஊசி வால்வு வைத்து அதைக் கொஞ்சமாகத் திறந்து வைத்தால் முள் ஆடாமல் நிற்கும். சென்சார் கசிந்தால் அந்த வால்வை அடைத்துவிட்டு வீடு வந்து சேரலாம்.

6. டெஃப்லான் டேப் வேண்டாம். டேப்பின் ஒரு நார் பிய்ந்து உள்ளே போனால் நேராக இன்ஜெக்‌ஷன் பம்புக்குத்தான் போகும். எரிபொருளுக்கென்றே வரும் திரவ சீலன்ட்டை, முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுத் தடவுங்கள்.

7. முள்ளைப் படிக்கும் முறை: ஐட்லிங்கில் 14, 15 பிஎஸ்ஐ நின்றால் நல்லது. விபி44 பம்பின் ஓவர்ஃப்ளோ வால்வு திறப்பது 14 பிஎஸ்ஐ அளவில்தான். அது திறந்தால்தான் மிச்ச டீசல் சூட்டைச் சுமந்துகொண்டு டேங்குக்குத் திரும்பும். மிதித்து ஏறும்போது 10க்குக் கீழே போனால் உடனே கவனியுங்கள். 5ஐத் தொட்டால் காலை எடுத்துவிடுங்கள், சரிசெய்யும் வரை பாரம் இழுக்காதீர்கள். அதிகமாக வைத்தால் நல்லது என்றும் எண்ண வேண்டாம். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் 20க்கு மேல் ஏற்றச் சொல்வதில்லை, பம்பின் முன்பக்க சீலுக்கு அது சுமை.

ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டும் முள் சட்டென்று இறங்கும். பயப்பட வேண்டாம், அந்த நேரத்தில் கம்ப்யூட்டரே லிஃப்ட் பம்பின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது.

8. வாசலில் நிற்கும் வண்டியில் பார்த்த அழுத்தத்தை நம்பாதீர்கள். சோர்ந்த லிஃப்ட் பம்பும் ஐட்லிங்கில் நல்ல எண்ணைக் காட்டும். டிரெய்லரைக் கட்டி, நீண்ட ஏற்றம் ஒன்றில் முழுதாக மிதித்துப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் ஐ-5 நெடுஞ்சாலையின் கிரேப்வைன் ஏற்றம், 6 சதவீதச் சரிவு, இதற்கு நல்ல பரீட்சை. அங்கே முள் எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் வண்டியின் உண்மையான அழுத்தம். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், கண் சாலையில் இருக்கட்டும்.

9. எண் குறைந்ததும் புதுப் பம்ப் வாங்க ஓடாதீர்கள். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் சோதனை வாய்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவே 5 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குற்றவாளி ஃபில்டர்தான். அதை மாற்றியதும் முள் எழுந்து நிற்கும்.

10. லைனை எப்போது பெரிதாக்க வேண்டும்? கம்பெனி லைன் 3/8 அங்குலம். சாதாரண ஓட்டத்துக்கு அது போதும். பவர் ஏற்றும் சிப், பெரிய இன்ஜெக்டர் போட்டவர்களுக்கும் அடிக்கடி பாரம் இழுப்பவர்களுக்கும் 1/2 அங்குல லைன் தேவைப்படும். கால் அங்குலத்தில் பாதிதான் கூடுகிறது, ஆனால் குழாயின் வாய்ப் பரப்பு ஏறக்குறைய 1.8 மடங்காகிறது.

11. பெரிய லைன் போட்டும் அழுத்தம் ஏறவில்லை என்று பலர் நொந்துகொள்வதற்குக் காரணம், வழியில் எங்கோ ஒரு குறுகல் அப்படியே இருப்பதுதான். பாதை முழுவதையும் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போங்கள். டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாய், அதன் வலை, லிஃப்ட் பம்பின் வாய், ஃபில்டரின் இரு பக்கமும் உள்ள பேஞ்சோ போல்ட்டுகள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பேஞ்சோ போல்ட்டில் டீசல் சின்னத் துளைகள் வழியே நுழைந்து செங்குத்தாகத் திரும்ப வேண்டியிருக்கிறது, அழுத்தம் அதிகம் தொலையும் இடம் அதுதான். அதை எடுத்துவிட்டு நேர்வழியுள்ள ஃபிட்டிங் போடுவது மலிவான வேலை, பலனோ பெரிது. கையில் பணம் குறைவாக இருந்தால் இதை முதலில் செய்யுங்கள்.

12. ஹோஸ் வாங்கும்போது மேலே அச்சிட்ட எழுத்தைப் படியுங்கள். டீசலுக்குத் தகுந்தது என்று இருக்க வேண்டும். ரேடியேட்டருக்கும் காற்றுக்கும் வரும் ஹோஸ் டீசலில் ஊறி வீங்கி, உள் தோல் உரிந்து வழியை அடைக்கும். பயோடீசல் கலந்து அடிப்பவர்கள் வைட்டான் உட்பூச்சுள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். நாகம் பூசிய இரும்புக் குழாயைத் தவிருங்கள், டீசல் அந்த நாகத்தைக் கரைக்கும். தாமிரக் குழாய் அதிர்வில் இறுகி வெடிக்கும். கிளாம்ப் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். பல் வெட்டிய சாதாரண கிளாம்ப் ரப்பரை அறுக்கும், ஓரம் மழுங்கிய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கிளாம்ப் போடுங்கள்.

13. ஃபிட்டிங்கின் கோணத்தைப் பாருங்கள். ஏஎன், ஜேஐசி வகைகள் 37 டிகிரி. கடையில் பக்கத்திலேயே தொங்கும் எஸ்ஏஇ ஃபிளேர் 45 டிகிரி. சில அளவுகளில் மரை ஒன்றாகவே இருப்பதால் இரண்டும் பூட்டிக்கொள்ளும், ஆனால் கசிவு நிற்காது.

14. கசிவு இரண்டு வகை. லிஃப்ட் பம்புக்குப் பின்னால் உள்ள கசிவில் டீசல் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். பம்புக்கு முன்னால், டேங்க் பக்கத்தில் உள்ள கசிவில் ஒரு சொட்டும் விழாது, அதற்குப் பதில் காற்று உள்ளே போகும். ராத்திரி நின்ற வண்டி காலையில் நெடுநேரம் சுற்றினால்தான் ஸ்டார்ட் ஆகிறது, கேஜ் முள் நடுங்குகிறது என்றால் ஏர் எடுக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பம்புக்கு முன்னால் ஒரு துண்டு கண்ணாடிபோல் தெரியும் ஹோஸைத் தற்காலிகமாகப் பூட்டினால் குமிழி தெரிந்துவிடும். சோதனை முடிந்ததும் அதைக் கழற்றிவிடுங்கள், நிரந்தரமாக வைக்கத் தகுந்ததல்ல.

15. லைனை இழுத்துச் செல்லும் வழியில் சைலன்ஸர் குழாயும் டர்போவும் பக்கத்தில் வரக் கூடாது. சேஸிஸ் ஓரமாகக் கொண்டுபோய், ஓட்டை வழியாக நுழையும் இடத்திலெல்லாம் ரப்பர் வளையம் போடுங்கள். தொங்கவிடாமல் சில அடிக்கு ஒரு கிளிப் போட்டுப் பிடியுங்கள். எஞ்சின் பாரத்தில் திரும்பும்போது ஹோஸ் இழுபடாத அளவுக்கு, எஞ்சினோடு சேரும் இடத்தில் மட்டும் தளர்வு விடுங்கள்.

16. கம்பெனி லிஃப்ட் பம்ப் எஞ்சின் பிளாக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சூடு, அதிர்வு இரண்டையும் வாங்கிக்கொண்டு பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து டீசலை இழுக்கிறது. இந்த மின்சார பம்புக்குத் தள்ளத்தான் நன்றாக வரும், இழுப்பதில் பலவீனம். புதுப் பம்ப் போட்டால் டேங்குக்குப் பக்கத்தில் சேஸிஸில் போடுங்கள். ஏர்டாக், ஃபாஸ் போன்றவை அப்படிப் பொருத்தவே செய்யப்பட்டவை. கரண்ட்டை பேட்டரியிலிருந்து ஃப்யூஸோடு எடுத்து, ரிலே போட்டு, பழைய பம்பின் வயரால் அந்த ரிலேயை இயக்குங்கள். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். விபத்தில் இது உயிர் காக்கும், சாவியோடு நேராக இணைக்கும் சுருக்குவழிக்கு ஆசைப்படாதீர்கள்.

17. மினசோட்டா, கனடா போன்ற குளிர்ப் பிரதேசங்களில் இருப்பவர்கள், இடைஞ்சல் என்று எண்ணிக் கம்பெனி ஃபில்டர் பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். டீசலைச் சூடாக்கும் ஹீட்டரும் தண்ணீரைக் காட்டும் சென்சாரும் அதில்தான் இருக்கின்றன. குளிரில் டீசல் உறையத் தொடங்குவதை முதலில் காட்டுவதும் உங்கள் புதுக் கேஜ்தான்.

18. வேலை முடிந்ததும் லைனில் உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். எஞ்சின் பிடிக்காதபடி ஸ்டார்ட்டரைச் சட்டென்று தட்டிவிட்டு, சாவியை ஆன் நிலையிலேயே விட்டால் லிஃப்ட் பம்ப் ஏறக்குறைய 25 விநாடி தானாக ஓடும். இதைச் சில தடவை செய்து, கேஜில் அழுத்தம் நின்ற பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். காய்ந்த லைனோடு ஸ்டார்ட்டரைச் சுற்றிக்கொண்டே இருந்தால் புதுப் பம்புக்கே சேதம்.

19. இங்கே சொன்னதெல்லாம் இன்ஜெக்‌ஷன் பம்புக்கு முன்னால் உள்ள குறைந்த அழுத்த லைனுக்கு மட்டுமே. பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களில் கை வைக்காதீர்கள். குறிப்பாக 2003 முதல் வந்த காமன் ரெயில் எஞ்சின்களில் அழுத்தம் 20,000 பிஎஸ்ஐக்கும் மேலே போகும். கண்ணுக்குத் தெரியாத கசிவே தோலைத் துளைத்துச் சதைக்குள் டீசலை ஏற்றிவிடும். கசிவைத் தேட விரலை நீட்டாமல் ஓர் அட்டைத் துண்டைப் பிடியுங்கள். தோலுக்குள் டீசல் புகுந்துவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், தாமதித்தால் விரலையே எடுக்க நேரிடும்.

20. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் ஸ்கேனர் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். பி0216 என்ற எண் வந்தால் விபி44 டைமிங் தவறுகிறது, விலையில் ஒரு புதுப் பம்பைக் கழித்துப் பேசுங்கள். எண் எதுவும் வராவிட்டாலும் லிஃப்ட் பம்பின் நிலை தெரியாது. அதனால் வாங்கிய வாரமே, முதல் டிரெய்லரைக் கட்டுவதற்கு முன்னால் கேஜை மாட்டிவிடுங்கள்.