எஃகு மாறிய ஊரில் இயற்பியல் பாடம்

பயன்பாட்டு அறிவியல் மாணவரின் வேலைவாய்ப்பைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் ஏன் பேசவேண்டும் என்று சிலர் வினவக்கூடும். அதற்கான விடை பெரம்பூரிலேயே இருக்கிறது.

இவ்வட்டாரத்தை வாழவைத்த தொழில்கள் இரண்டு. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாகக் களமாயிருந்த பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. 1955 அக்டோபர் 2ஆம் நாள் நேரு திறந்துவைத்த இரயில் பெட்டித் தொழிற்சாலையோ இன்றும் இயங்குகிறது. ஆனால் உள்ளே வேலை மாறிவிட்டது. சுவிட்சர்லாந்து நாட்டு நுட்பத்தில் தொடங்கிய பழைய வகைப் பெட்டியின் உற்பத்தி 2018 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டு, ஜெர்மானிய வழிவந்த எல்.எச்.பி. வகை அவ்விடத்தைப் பெற்றது. பின்னர் 'வந்தே பாரத்' எனப் பெயர்பெற்ற வண்டியும் அவ்வாண்டிலேயே அங்கு உருவாயிற்று.

புதிய பெட்டியின் உடற்பகுதி துருப்பிடிக்காத எஃகாலானது. நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தின் உறவு எனலாம். இவ்வகை எஃகு, சாதாரண எஃகைப்போல் வெப்பத்தை எளிதிற் கடத்துவதில்லை. பாத்திரத்தின் அடியில் செம்பு சேர்ப்பது இதனாற்றான். பற்றவைக்கும்போது வெப்பம் பரவாமல் ஓரிடத்தே தேங்கும். மெல்லிய தகடாயின் கோணிப்போகும். பாத்திரம் செய்யும் வகையோ சாதாரண எஃகினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியவும் செய்யும். எனவே பழைய கைப்பழக்கம் மட்டும் போதாது. வெப்பத்தை அளந்து செலுத்தவேண்டும்.

இவ்வளவும் முதலாண்டு இயற்பியலே. வெப்பங்கடத்துதிறனுக்குரிய சூத்திரத்தைப் பிழையின்றி எழுதும் மாணவனிடம், செம்படிப் பாத்திரம் ஏன் என்று கேட்டால் விழிக்கிறான். அவன் தாய்மொழியில் விளக்க இயலாத ஒன்றை ஆங்கிலத்தில் மனனம் செய்திருக்கிறான் என்றே நாம் கொள்ளவேண்டியுள்ளது. ஆங்கிலம் வேண்டா என்பாரோடு நாம் சேரோம். வரைபடமும் இயந்திரக் கையேடும் அம்மொழியில்தான் வருகின்றன. எனினும், ஒவ்வொரு செய்முறைக்கும் பின் 'என்ன செய்தோம், என்ன நேர்ந்தது, ஏன் நேர்ந்தது' என அரைப்பக்கம் தமிழில் எழுதச் செய்தல் வேண்டும். அதைத் திருத்தும் பொறுப்பில் தமிழ்த்துறையும் பங்குகொள்ளலாம். முந்திய ஆண்டுப் பதிவேட்டைப் பார்த்தெழுதும் வழக்கம் அங்கே செல்லாது.

மற்றொரு செய்தி பெற்றோர் பலருக்கு எட்டவேயில்லை. 1961ஆம் ஆண்டுத் தொழில்பழகுநர் சட்டத்தில் 1973இல் பொறியியற் பட்டதாரிகள் சேர்க்கப்பட்டனர். 2014ஆம் ஆண்டுத் திருத்தம் பிற பட்டதாரிகளுக்கும் வழிதிறந்தது. பி.எஸ்சி. முடித்தவரும் உதவித்தொகையுடன் தொழிலிடத்திற் பழகலாம். ஜமாஅத் பெரியோர்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் பின் இதனை இரண்டு நிமிடம் அறிவித்தால் பல வீடுகளுக்குச் சென்றுசேரும். பதிவுசெய்யும் முறையைக் கல்லூரி இறுதியாண்டின் தொடக்கத்திலேயே வகுப்பிற் காட்டிவிடலாம். தேர்வு முடிந்தபின் மாணவரைத் தேடிப்பிடிப்பது அரிது.