கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர வேண்டும்: மலையோர வீட்டு நாய்களுக்கான பழக்கக் குறிப்புகள்

மூணாறு, பீர்மேடு எஸ்டேட் லயங்களிலும் சரி, வாளையாறு, கொழிஞ்சாம்பாறைத் தோப்பு வீடுகளிலும் சரி, நாய் படுத்திராத வாசல் குறைவு. "என்ன பழக்கியிருக்கீங்க?" என்று கேட்டால், "கை குடுக்கும்" என்று பெருமையாகச் சொல்வார்கள். காட்டை ஒட்டிய ஊரில் கை கொடுப்பதைக் கடைசியில் கற்றுத் தரலாம். முதலில் கற்க வேண்டியவை வேறு.

1. முதல் இலக்கு, கூப்பிட்டால் வருவது. 2023 ஜனவரியில் பாலக்காடு தோனிப் பகுதியில் பி.டி.7 யானையைப் பிடித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் சின்னக்கானலில் அரிக்கொம்பன் என்ற யானையைப் பிடித்து வேறு காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதோடு யானை வருவது நின்றுவிடவில்லை. யானையைக் கண்டால் நாய் பாய்ந்து போய்க் குரைக்கும். யானை திரும்பித் துரத்தினால் நேராக நம் காலடிக்கே ஓடி வரும். ஆபத்து நாய்க்கு மட்டுமல்ல. அதனால் யானை கண்ணில் படும் முன்பே, நாய் குரைக்கத் தொடங்கும் முன்பே, அது நம்மிடம் திரும்பி வரப் பழகியிருக்க வேண்டும்.

முற்றத்தில் பத்தடி தள்ளி நின்று ஒரே ஒரு முறை "வா" என்று சொல்லுங்கள். வந்ததும் அவித்த முட்டையில் ஒரு துண்டு கொடுத்துக் கழுத்தைத் தடவிக் கொடுங்கள். முற்றத்தில் தவறாமல் வந்த பிறகு நீளக் கயிறு கட்டி ரோட்டோரம், அப்புறம் தேயிலைக்காட்டுப் பாதை என்று இடத்தை மாற்றுங்கள். எவ்வளவு தாமதமாக வந்தாலும் திட்டக் கூடாது, அடிக்கவே கூடாது. குளிப்பாட்டவோ கட்டிப்போடவோ வேண்டுமென்றால் கூப்பிடாமல் நீங்களே போய்ப் பிடித்து வாருங்கள். "வா" என்ற சொல்லுக்குப் பின்னால் நல்லது மட்டுமே நடக்க வேண்டும்.

2. அடுத்தது "விடு". காட்டுப்பன்றிக்காக உணவுப் பொருளுக்குள் வெடிமருந்து வைக்கும் கொடுமை இன்னும் ஓயவில்லை. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் கர்ப்பிணி யானை ஒன்று வாயில் வெடிக்காயத்தோடு ஆற்றில் நின்றபடியே செத்தது பலருக்கும் நினைவிருக்கும். கீழே கிடப்பதைக் கவ்வும் நாய்க்கும் அதே கதிதான். மூடிய கைக்குள் தின்பண்டம் வைத்துக்கொள்ளுங்கள். நாய் முகர்ந்து, நக்கிப் பார்த்து, சலித்து முகத்தைத் திருப்பும் நொடியில் "விடு" சொல்லி, மற்றக் கையிலிருந்து வேறொன்று கொடுங்கள். பிறகு தரையில் வைத்துப் பழக்குங்கள்.

3. ஒரு மாதத்துக்கு ஒரு பாடம் போதும். கொழுந்து எடுக்கப் போகும் முன் ஐந்து நிமிஷம், வந்து டீ குடித்த பிறகு ஐந்து நிமிஷம். நாள்காட்டியில், நாய் சொன்னபடி செய்த நாளுக்கு ஒரு கோடு, செய்யாத நாளுக்கு ஒரு வட்டம் போட்டு வையுங்கள். வட்டம் கூடினால் பாடத்தைச் சுலபமாக்க வேண்டும் என்று அர்த்தம்.

4. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். பாட்டி "உக்காரு", பிள்ளை "சிட்", பக்கத்து வீட்டுச் சேச்சி "இரிக்கு" என்றால் நாய் யார் பேச்சைத்தான் கேட்கும்?

5. மூக்குக்கு வேலை கொடுங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்கள் புதைந்து 70 பேர் இறந்தார்கள். மோப்பத்துக்கென்றே பழக்கிய கேரளப் போலீஸ் நாய் மாயா அங்கே தேடியது. யாரும் பழக்காத லயத்து நாய் குவியும் தேடியது. தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையின் உடல் ஆற்றில் கிடந்ததை எட்டாம் நாள் காட்டிக்கொடுத்தது குவிதான். பிறகு போலீஸ் நாய்ப்படை அதைச் சில காலம் பராமரித்து, குழந்தையின் பாட்டியிடமே ஒப்படைத்தது. நம் வாசலில் படுத்திருக்கும் நாட்டு நாய்க்கும் அதே மூக்கு இருக்கிறது. வீட்டுக்காரர் ஒருவரின் பழைய துணியைக் கட்டிலடியில், விறகடுக்கில், செடி மறைவில் ஒளித்து வைத்துத் தேடச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் வெளியே போக முடியாத நாளில் கால்மணி நேரம் இப்படி முகர்ந்து தேடினால் நாய் திருப்தியாகப் படுத்துக்கொள்ளும். கதவைப் பிறாண்டாது.

6. இரவில் உள்ளே படுக்கப் பழக்குங்கள். எஸ்டேட் பக்கம் சிறுத்தைக்கு நாய் எளிதான இரை. வெளியே சங்கிலியில் கட்டிய நாயால் தப்பி ஓடக்கூட முடியாது. ராச்சோற்றை எப்போதும் அது படுக்க வேண்டிய இடத்திலேயே வையுங்கள். சில வாரங்களில் இருட்டியதும் தானாக உள்ளே வந்துவிடும்.

7. நாயின் இயல்பு பார்த்து இலக்கு வையுங்கள். தேனிப் பக்கத்துக் கோம்பை நாய் காவலுக்குப் பேர்போனது. அதற்கு வேண்டிய பாடம், விருந்தாளி வந்தால் அடங்கி இருப்பது. சிப்பிப்பாறை ஓட்டக்கார நாய். வேலியிட்ட இடத்தில் தினமும் ஓடவிடாமல் அதனிடம் அடக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

8. பாலக்காட்டு வெயிலில் நடை காலை ஏழு மணிக்குள் முடியட்டும். தார் ரோட்டில் புறங்கையை ஏழெட்டு நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் வெந்துபோகும். மூணாறு மழையில் திரும்பி வந்ததும் விரலிடுக்கில் அட்டை பாருங்கள். மூக்கிலிருந்து ரத்தம் சொட்டினால் அட்டை உள்ளே ஏறியிருக்கலாம். நீங்களே குடையாமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

9. கம்பம் திராட்சையும் மூணாறு சாக்லேட்டும் நமக்குத்தான். இரண்டுமே நாய்க்கு விஷம். ஏலத்தோட்டத்தில் மருந்து அடிக்கும் நாளில் நாயை அங்கே விடாதீர்கள்.

10. நெம்மாறை வல்லங்கி வேலா திருவிழாவின் வாணவேடிக்கை நாளுக்கு இரண்டு மாதம் முன்பே தயாராகுங்கள். வெடிச்சத்தத்தை போனில் மிக மெதுவாக வைத்தபடி சோறு போடுங்கள். நாய் மிரளாத வரை, சில நாளுக்கொரு முறை சத்தத்தைக் கொஞ்சம் கூட்டலாம். திருவிழா அன்று மாலை கதவைச் சாத்தி, பக்கத்தில் ஒருவர் இருங்கள்.

11. மூன்று மாதக் குட்டிக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் அடுத்தது, ஆண்டுதோறும் ஒன்று. அந்தச் சான்றைக் கொண்டுபோய்ப் பஞ்சாயத்தில் லைசென்ஸும் வாங்கிவிடுங்கள். எந்த நாய் கடித்தாலும், சொந்த நாயே ஆனாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.