சிறு எஞ்சினில் எண்ணெய்க் கசிவு

சிறு துளி பெருவெள்ளம் என்பது சேமிப்போர்க்குக் கூறும் மொழி. இழப்போர்க்கும் அது பொருந்தும் என்பதைக் கிணற்றடியில் நீரிறைக்கும் எஞ்சின் நமக்குக் கற்பிக்கின்றது.

5 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் ஒன்றினை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்பெட்டி கொள்ளும் எண்ணெய் ஏறக்குறைய 600 மில்லிலிட்டரே. நிமிஷத்திற்கு ஒரு துளி கசிவதாகவும், 25 துளி ஒரு மில்லிலிட்டர் எனவும் கொள்வோமாயின், நாடோறும் 6 மணி நேரம் ஓடும் எஞ்சின் 10 நாளில் 144 மில்லிலிட்டர் இழக்கும். இஃது ஏறத்தாழக் கால் பங்காகும். இவ்வகை எஞ்சின் பலவற்றில் எண்ணெய்ப் பம்பு இல்லை. கனெக்டிங் ராடின் அடியிலுள்ள சிறு கரண்டி எண்ணெயில் தோய்ந்து, அதனை வாரி இறைத்தலாலேயே உள்ளுறுப்புகள் நனைகின்றன. மட்டம் கரண்டிக்கு எட்டாவண்ணம் தாழ்ந்தபின், அடியில் எண்ணெய் எஞ்சியிருந்தும் பயனில்லை. உறுப்புகள் உராய்ந்து சூடேறி இறுகிவிடும். பயிர் வாடும் கோடையில் இது நேரின் உழவர்க்கு வரும் நட்டம் சிறிதன்று.

கசிவைக் கண்டவுடன் ஈரமுள்ள இடத்துத் திருகுகளை முறுக்குதல் பலர் வழக்கம். இது முறையன்று. எண்ணெய் மேலிருந்து வழியும். விசிறிக் காற்றாலும் பரவும். ஆதலின் ஈரம் காணுமிடம் வேறு, கசியுமிடம் வேறாகலாம். எஞ்சின் நன்கு ஆறியபின் மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு புறமெங்கும் கழுவித் துடைத்து உலர்த்துக. பின்னர்ச் சுண்ணக்கட்டிப் பொடியை மெல்லெனத் தூவி, திறந்த வெளியில் அரை மணி நேரம் ஓட்டி நிறுத்திப் பார்க்க. பொடி கறுத்த இடங்களுள் யாவற்றினும் மேலானதே பெரும்பாலும் கசிவின் பிறப்பிடமாகும்.

இடம் தெரிந்தபின் காரணம் ஆராய்தல் வேண்டும். எண்ணெய் அளவுக்கு மிஞ்சி ஊற்றப்பட்டுள்ளதா என்று முதலிற் காண்க. அடுத்து, பிரீதர் என்னும் மூச்சுவழியைச் சோதிக்க. பிஸ்டனைக் கடந்து அடிப்பெட்டியுட் புகும் வாயு இதன் வழியே வெளியேறுகின்றது. இஃது அழுக்கால் அடைபடின் உள்ளே அழுத்தம் மிகுந்து, பழுதற்ற ஆயில் சீலையும் தாண்டி எண்ணெயைத் தள்ளும். அந்நிலையில் புதிய சீல் பொருத்தினும் கசிவு தீராது. பிரீதர் சுத்தமாயிருந்தும் அழுத்தம் மிகுமாயின், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளனவா என்று நோக்குக.

இவை குறையற்றிருப்பின், வடிதிருகின் வாஷர், மூடியின் காஸ்கெட், ஆயில் சீல் ஆகியவற்றை முறையே பார்க்கலாம். பழைய காஸ்கெட்டைச் சுரண்டுங்கால் உலோகத்திற் கீறல் விழலாகாது. புதியது முன்னையதன் கனமே உடையதாதல் வேண்டும்; சில எஞ்சின்களில் கிராங்கின் பக்க அசைவு அக்கனத்தைப் பொறுத்துள்ளது. போல்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாய் இறுக்குக. சீலின் மெல்லிய உதடு எண்ணெயுள்ள உட்புறம் நோக்கியிருத்தல் வேண்டும். அச்சிற் பள்ளம் விழுந்திருப்பின் சீலை மாற்றுவது மட்டும் போதாது.

பழுது நீங்குமளவும், நாடோறும் எஞ்சினைத் தொடங்குமுன் சமதளத்தில் வைத்து எண்ணெய் மட்டம் பார்த்தல் இன்றியமையாதது. கழித்த எண்ணெயைக் கிணற்றருகே கொட்டுதல் கூடாது. எஞ்சின் இறைக்கும் நீரையே அது கெடுத்துவிடும். துளி விழும் இடத்தைத் துடைப்பதோடு அமையாது, அது விழுதற்குரிய காரணத்தைத் தேடுவதே எஞ்சினைக் காக்கும் வழியாம்.